கலைக் கல்லூரியில் கணிப்பொறி அறிவியல்

பெங்களூரு நகரின் கிழக்கு விளிம்பில் உள்ள வைட்ஃபீல்ட், 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வேளாண்மை செய்து வாழ்வதற்கென உருவாக்கப்பட்ட ஒரு குடியேற்றமாகும். மைசூர் மன்னர் சாமராஜ உடையார் இதற்கென 3,900 ஏக்கர் நிலத்தை வழங்கினார். குடியேற்றத்துக்காக முனைந்து நின்ற டி. எஸ். ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கு நிலைத்துவிட்டது. அதன் பின்னர் நூறாண்டுக் காலம், சென்னை ரயில் பாதையில் ஒரு சிறு நிலையம், தோட்டம் சூழ்ந்த சில வீடுகள் என்ற அளவிலேயே ஊர் இருந்தது. 1969இல் காடுகோடியில் ஒரு கலை, அறிவியல், வணிகக் கல்லூரி தோன்றியது. இந்திய-சிங்கப்பூர்க் கூட்டு முயற்சியான சர்வதேசத் தொழில்நுட்பப் பூங்காவின் முதற்கட்டம் 1998இல் திறக்கப்பட்ட பின்னரே ஊரின் தோற்றமும் தொழிலும் மாறின. ஏற்றுமதி மேம்பாட்டுத் தொழிற்பேட்டையில் பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வுக்கூடங்கள் எழுந்தன. 2023இல் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது.

அதாவது, மென்பொருள் நிறுவனங்கள் வருவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூருக்குக் கலைக் கல்லூரி வந்துவிட்டது. எனினும் வைட்ஃபீல்ட் என்றவுடன் பொறியியல் பட்டதாரிகளின் ஊர் என்றே பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் முழு உண்மை அன்று. அங்குள்ள அலுவலகங்களில் நிரல் எழுதுவோர், அதனைச் சோதிப்போர், தரவுகளைப் பேணுவோர், வாடிக்கையாளர்க்கு உதவி புரிவோர் ஆகியோரிடையே பி.எஸ்ஸி., பி.சி.ஏ. பட்டம் பெற்றோரும் பலர் உள்ளனர். மூன்றாண்டுக் கலை அறிவியல் கல்லூரிப் படிப்பின் வழியே வந்தவர்கள் இவர்கள். இப்படிப்பைப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதோர்க்கு எஞ்சிய வழி என்று கருதும் போக்கு பெற்றோரிடம் மட்டுமன்றி, பாடத்திட்டம் வகுப்போரிடமும் காணப்படுகிறது. அவ்வாறு கருதுவதனாலேயே அது அவ்வாறு ஆகிவிடுகிறது. கலைக் கல்லூரியில் கணிப்பொறி அறிவியலுக்கு உரிய தனி இடம் யாது என்பது ஆராயத்தக்கது.

கணிதத் துறையிலிருந்து வந்த இயல்

இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணிப்பொறி, 1955இல் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிறுவப்பட்டது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தானே உருவாக்கிய 'டிஃப்ராக்' கணிப்பொறிக்கு 1962இல் பெயர் சூட்டப்பட்டது. முன்னது புள்ளியியலாரின் தேவைக்காகவும், பின்னது இயற்பியலாரின் தேவைக்காகவும் அமைந்தவை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963இல் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்து சேர்ந்தபோது, அதனைப் பயன்படுத்தும் முறையைப் பல துறை ஆசிரியர்களும் மாணவர்களும் ஒருங்கே அமர்ந்து கற்றனர். கணிப்பொறி அறிவியல் என்ற தனித் துறை அப்போது நாட்டில் எங்கும் வேரூன்றியிருக்கவில்லை.

கான்பூரில் அப்பயிற்சியை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர், ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். நாட்டின் கணிப்பொறித் துறைக்கு வேண்டிய மனித ஆற்றலை எங்ஙனம் உருவாக்குவது என்று பரிந்துரைக்கும் குழுவுக்கு 1980ஆம் ஆண்டளவில் இவர் தலைமை வகித்தார். அக்காலத்தில் பொறியியல் கல்லூரிகளில் கணிப்பொறிப் பிரிவில் இருந்த இடங்கள் மிகக் குறைவு. அங்குப் பயின்றோருள் பலர் வெளிநாடு சென்றனர். இந்நிலையில், மென்பொருள் எழுதுவதற்கு மின்பொறியியல் அறிவு இன்றியமையாததன்று, கணிதம் அறிந்த அறிவியல் பட்டதாரிகளும் வணிகவியல் பட்டதாரிகளும் முறையான பயிற்சி பெற்றால் அப்பணியைத் திறம்படச் செய்ய இயலும் என்ற கருத்து வலுப்பெற்றது. எம்.சி.ஏ. என்னும் மூன்றாண்டு முதுநிலைப் படிப்பு இவ்வாறு பிறந்தது. அதற்கு அடித்தளமாகப் பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியலும், பின்னர்ப் பி.சி.ஏ.யும் கல்லூரிகளில் பரவின. எம்.சி.ஏ. படிப்பின் காலம் 2020-21ஆம் கல்வியாண்டு முதல் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டது.

தொழில் நிறுவனங்களும் இவ்வழியைப் பயன்படுத்திக்கொண்டன. விப்ரோ நிறுவனம் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. பட்டதாரிகளைப் பணியில் அமர்த்தி, பணியாற்றிக்கொண்டே பிலானி பிட்ஸ் நிறுவனத்தின் முதுநிலைப் பட்டம் பெறும் திட்டத்தை 1990-களின் நடுப்பகுதியில் தொடங்கியது. டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் அறிவியல் பட்டதாரிகளுக்கெனவே சென்னையில் ஒரு பயிற்சித் திட்டத்தைப் பின்னாளில் நடத்தியது. இவ்விரண்டிலும் நிறுவனங்கள் எதிர்பார்த்தது ஏறத்தாழ ஒன்றே: கணித அறிவும், ஒழுங்காகச் சிந்திக்கும் பழக்கமும், மேலும் கற்கும் விருப்பமும். குறிப்பிட்ட நிரல்மொழியை நிறுவனம் சில திங்களில் கற்றுத்தந்துவிடும்.

அயல்நாட்டு அனுபவம்

மேலைநாடுகளில் 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரி என வழங்கப்படுவதற்கும் நமது கலை அறிவியல் கல்லூரிக்கும் வேறுபாடு உண்டு. அங்கு மாணவர் இரண்டாண்டுக் காலம் பல துறைப் பாடங்களைப் பயின்ற பின்னரே தம் முதன்மைப் பாடத்தைத் தேர்கின்றார். இங்குச் சேரும் நாளிலேயே பாடம் உறுதியாகிவிடுகிறது. எனினும் ஒரே வளாகத்தில் இலக்கியம், வரலாறு, பொருளியல், தாவரவியல், கணிதம் ஆகிய துறைகள் அருகருகே இருப்பது இரண்டுக்கும் பொது.

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் 1964ஆம் ஆண்டு மே முதல் நாள் 'பேசிக்' என்னும் நிரல்மொழியை முதன்முதலாக இயக்கிக் காட்டினர். அங்குப் பயின்ற மாணவருள் பெரும்பாலோர் அறிவியலோ பொறியியலோ பயிலாதவர்கள். பிற்காலத்தில் வணிகத்திலும் ஆட்சியிலும் முடிவெடுக்கப் போகும் இவர்கள் கணிப்பொறியைத் தொட்டுப் பார்க்காமலே கல்லூரியை விட்டுச் செல்வது முறையன்று என்பதே அவ்விருவரின் வாதம். அதற்கெனவே எளிய மொழியும், பலர் ஒரே நேரத்தில் ஒரு கணிப்பொறியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் உருவாக்கப்பட்டன. பின்னர் வந்த சிறு கணிப்பொறிகள் பலவற்றிலும் இம்மொழியே முதலில் குடியேறியது. நமது நாட்டில் 1984இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறி எழுத்தறிவுத் திட்டத்தில் மாணவர்கள் கற்றதும் இதுவேயாகும்.

டார்ட்மவுத்தில் எழுந்த வினா அனைத்து மாணவர்க்கும் கணிப்பொறியை அறிமுகம் செய்வது எப்படி என்பது. கலைக் கல்லூரியில் கணிப்பொறி அறிவியலையே முதன்மைப் பாடமாக வைத்தால் எவற்றைக் கற்பிப்பது என்ற வினாவுக்கு, 1986இல் நார்மன் கிப்ஸ், ஆலன் டக்கர் ஆகியோர் ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தை வெளியிட்டனர். பெரிய பல்கலைக்கழகங்களைப் போல் எண்ணற்ற விருப்பப் பாடங்களை நடத்தும் ஆசிரியர் வசதி சிறு கல்லூரிகளுக்கு இல்லை என்பதை அவர்கள் ஒளிக்கவில்லை. பாடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, படிமுறைகள், தரவு அமைப்புகள், கணித அடிப்படை ஆகியவற்றை ஆழமாகக் கற்பித்து, எஞ்சிய நேரத்தைப் பிற துறைகளுக்கு விடுவது என்பதே அவர்கள் கண்ட வழி. குறைவான வசதியை ஒரு கொள்கையாக மாற்றிய திட்டம் என்று இதனைக் கூறலாம். நம் கல்லூரிகள் இதற்கு நேர்மாறான வழியில் சென்றுள்ளன. பொறியியல் பாடத்திட்டத்தின் தலைப்புகள் அனைத்தையும் மூன்றாண்டுக்குள் சுருக்கி அடைக்கும் முயற்சியே பல இடங்களில் நடைபெறுகிறது.

மாறுவதும் மாறாததும்

கணிப்பொறி அறிவியல் என்பது நிரல்மொழிகளின் தொகுப்பு என்று கருதுவோர் உளர். மொழிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கடந்த நாற்பது ஆண்டுகளில் கல்லூரிப் பாடத்திட்டங்களில் கோபால், பாஸ்கல், சி, ஜாவா, பைத்தான் என ஒன்றன் பின் ஒன்றாக வந்து சென்றுள்ளன. மாறாதது எது என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு மாவட்டத்தில் ஓய்வூதியம் பெறுவோர் பட்டியலில் 10 லட்சம் பெயர்கள் உள்ளன என்று கொள்வோம். ஒரு பெயர் அதில் உள்ளதா என்று அறிய வேண்டும். முதற் பெயரிலிருந்து வரிசையாகப் பார்த்துச் சென்றால், அப்பெயர் கடைசியில் இருக்கும் நேர்வில் 10 லட்சம் முறை ஒப்பிட வேண்டிவரும். பட்டியல் அகர வரிசையில் இருக்குமாயின் வேறு வழி உண்டு. நடுவில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு, தேடும் பெயர் அதற்கு முன்னதா பின்னதா என்று பார்த்தால், பட்டியலின் ஒரு பாதியை முற்றாக ஒதுக்கிவிடலாம். எஞ்சிய பாதியின் நடுவில் மீண்டும் அவ்வாறே செய்யலாம். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால் 20 ஒப்பீடுகளுக்குள் விடை கிடைத்துவிடும்; இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 வருவதே இதற்குக் காரணம். பட்டியல் 20 லட்சமாகப் பெருகினால் முதல் வழியில் வேலை இரட்டிப்பாகும். இரண்டாம் வழியில் ஓர் ஒப்பீடு மட்டுமே கூடும்.

இவ்வேறுபாட்டைத் தருவது விலையுயர்ந்த இயந்திரம் அன்று. புதிய நிரல்மொழியும் அன்று. மடக்கைக் கணக்கு அறிந்த எந்த மாணவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு இதனைக் கண்டுகொள்ள இயலும். கணிதம் துணைப்பாடமாக வைக்கப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. ஆயினும் கணிதத் துறை ஆசிரியர் தம் வகுப்பில் மடக்கையையும், கணிப்பொறி ஆசிரியர் தம் வகுப்பில் தேடலையும் தனித்தனியே நடத்திச் செல்லும்போது, இரண்டும் ஒன்றே என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

பக்கத்துத் துறையின் உதவி

மேற்கண்ட முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். பட்டியல் அகர வரிசையில் இருக்க வேண்டும். தமிழ்ப் பெயர்களாயின், எந்த அகர வரிசை?

கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே அறியும். யூனிகோட் என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவ்வரிசையில் 'ன' என்னும் எழுத்து 'ந'வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்தும், 'ள', 'ழ' ஆகியன 'வ'வுக்கு முன்னும் அமைந்துள்ளன. இது நெடுங்கணக்கு வரிசை அன்று. எனவே எண் மதிப்பைக் கொண்டு மட்டும் வரிசைப்படுத்தினால் 'அளவு' என்ற சொல் 'அவை' என்பதற்கு முன் வந்து நிற்கும். அகராதியிலோ 'அவை'யே முன்னது. ஓர் அலுவலகத்தில் அகராதி முறையில் அடுக்கிய பட்டியலை, மற்றோர் அலுவலகத்தில் எண் வரிசையில் ஒப்பிடும் நிரல் கொண்டு பாதி பாதியாகத் தேடினால், பெயர் பட்டியலில் இருந்தும் 'இல்லை' என்ற விடை வரக்கூடும். ஓய்வூதியம் நாடி வந்த முதியவர் வெறுங்கையுடன் திரும்ப நேரும். இயந்திரத்தில் கோளாறு ஏதும் இராது.

இதனினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. 'கோமதி' என்ற பெயரில் முதலெழுத்தைக் ககர மெய்வடிவுடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் பதிவு செய்யலாம். இரட்டைச் சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் பதிவு செய்யலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கு ஒன்று ஐந்து குறியீடுகள், மற்றொன்று ஆறு. சமப்படுத்தும் முறையை அறியாத நிரல் இவ்விரண்டையும் இருவேறு பெண்களின் பெயர்கள் என்றே கொள்ளும். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்றால் தொடக்கப் பள்ளிக் குழந்தை மூன்று என்று கூறும். கவனமின்றி எழுதப்பட்ட நிரல் ஐந்து என்று கூறும்.

இத்தகைய சிக்கல்களைப் பொறியியல் கல்லூரி மாணவரும் தீர்க்க இயலாதவர் அல்லர். ஆனால் கலைக் கல்லூரியில் எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். தமிழகக் கல்லூரிகளில் கணிப்பொறி மாணவரும் பகுதி ஒன்றில் தமிழ் பயில்கின்றனர். புணர்ச்சி விதிகளைச் சொற்பிழை திருத்தும் நிரலாக எழுதுமாறு ஒரு பயிற்சி தரப்பட்டால், தமிழ் வகுப்பும் ஆய்வக வகுப்பும் ஒன்றையொன்று வளர்க்கும். மொழிப்பாடத்தைத் தேர்ச்சிக்கு மட்டும் படித்து மறக்கும் வழக்கமும் ஓரளவு குறையும்.

வணிகவியல் துறைக்கும் இதே பொருத்தம் உண்டு. பத்துக் காசு என்பதை ரூபாயின் பத்தில் ஒரு பங்காகக் கணிப்பொறியிடம் கொடுத்தால், இரும எண் முறையில் அதனைச் சரியாக எழுத இயலாது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முடிவாக எழுத இயலாதது போன்றதே இது. அப்பத்தில் ஒரு பங்கைப் பத்து முறை கூட்டினால் வழக்கமான பின்ன எண் முறையில் விடை முழு ஒன்றாக வருவதில்லை. மிகச் சிறு அளவில் குறைகிறது. கணக்குப் பதிவியல் கற்ற மாணவர் இதனைக் கண்டவுடன் ஐந்தொகை பொருந்தாது என்று கூறுவார். தொகைகளைக் காசுகளாக, முழு எண்களாகச் சேமிப்பதே தீர்வு என்று கணிப்பொறி மாணவர் கூறுவார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒரு பிற்பகலில் முடியும் பாடம் இது.

தங்கவயலிலிருந்து வரும் ரயில்

வைட்ஃபீல்டின் வழியே நாள்தோறும் செல்லும் ரயில்களுள், கோலார் தங்கவயலில் உள்ள மாரிகுப்பத்திலிருந்து புறப்படுபவை தமிழ் வாசகர்க்குத் தனிச் சிறப்புடையவை. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கச் சுரங்கங்களில் உழைத்து உருவாக்கிய ஊர் அது. பெங்களூருக்கு மின்விளக்கு வருமுன்னரே, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் பெற்ற ஊர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர் மாரிகுப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல் நிலையங்களில் விடியுமுன் ரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாக வைட்ஃபீல்டுக்கும் பெங்களூருக்கும் வேலைக்குச் செல்வது ஆயிரக்கணக்கானோரின் வாழ்க்கை முறையாகிவிட்டது.

இவர்களுள் கட்டட வேலைக்கும் காவல் பணிக்கும் துப்புரவுப் பணிக்கும் செல்வோரும் உண்டு. அலுவலகத்தின் மேல் மாடியில் அமர்ந்து நிரல் எழுதச் செல்வோரும் உண்டு. முன்னவரின் பிள்ளைகள் பின்னவராவதற்கு உள்ள வழிகளுள் மிகக் குறைந்த செலவுடையது உள்ளூர்க் கலை அறிவியல் கல்லூரியே. நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு மாறாக மூன்றாண்டுப் படிப்பு என்பது, ஓராண்டுக் கட்டணம் மிச்சம் என்பதோடு, வீட்டுக்கு ஓராண்டு முன்னதாக ஊதியம் வரும் என்பதுமாகும். பள்ளியில் வணிகவியல் பயின்றோரும் பல இடங்களில் பி.சி.ஏ.யில் சேர முடிகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு, அதிலும் மாணவிக்கு, வீட்டிலிருந்து சென்று திரும்பும் தொலைவில் கல்லூரி இருப்பதே சேர்வதா இல்லையா என்பதை முடிவு செய்கிறது.

எனவே இப்படிப்பு தரமாக அமைகிறதா என்பது பாடத்திட்டக் குழுவின் உள்விவகாரம் அன்று. மூன்றாண்டு முடிவில் கைவரப் பெற்றது என்ன என்பதற்கு இக்குடும்பங்கள் கொடுக்கும் விலை பெரிது.

நடைமுறையில் காணப்படும் குறைகள் அறியாதவை அல்ல. ஆய்வகப் பயிற்சி என்பது ஆண்டுதோறும் மாறாத இருபது நிரல்களைப் பதிவேட்டில் படியெடுப்பதாகச் சுருங்கிவிட்ட கல்லூரிகள் உள்ளன. தேர்வில் அவற்றுள் ஒன்று சீட்டு முறையில் வரும். மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் உண்டு. இறுதிப் பருவத்தின் செயல்திட்ட அறிக்கையை விலைக்கு எழுதித்தரும் கடைகள் கல்லூரிகளைச் சூழ்ந்துள்ளன. நேர்முகத் தேர்வில் ஒரு சிறு மாறுதலைச் செய்து காட்டுமாறு கேட்டவுடன் இவ்வாறு பயின்றவர் தடுமாறுகிறார். ஆங்கிலம் பேசத் தெரியாமையே தோல்விக்குக் காரணம் என்று அவர் நம்பிக்கொண்டு வெளியேறுகிறார். மொழி ஒரு காரணமே. தானே ஒரு நிரலை அடியிலிருந்து எழுதிப் பிழை கண்டு திருத்திய பழக்கம் இன்மை அதனினும் பெரிய காரணம்.

கொள்கை மாற்றங்கள்

கடந்த சில ஆண்டுகளில் இளநிலைப் படிப்பின் அமைப்பே பலமுறை மாறியுள்ளது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பல்துறைக் கல்வியையும் நான்காண்டு இளநிலைப் படிப்பையும் முன்வைத்தது. அதனை முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலம் கர்நாடகம். 2021-22இல் அங்குப் புதிய அமைப்பு தொடங்கியது. பின்னர் 2024-25 முதல் மாநில அரசு மீண்டும் மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கே திரும்பியது. அதே கல்வியாண்டு முதல் பி.சி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் ஒப்புதல் வரம்புக்குள் வந்தது. இதனால் ஒரே கல்லூரியில், ஏறத்தாழ ஒரே ஆசிரியர்கள் நடத்தும் பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியலும் பி.சி.ஏ.யும் இருவேறு அமைப்புகளின் நெறிமுறைகளைப் பார்த்து நடக்க வேண்டியுள்ளது. கல்லூரி முதல்வர்களின் மேசையில் படிவங்கள் பெருகியதே உடனடி விளைவு எனலாம்.

பல்துறைக் கல்வி என்ற கருத்து சரியானதே. அது விருப்பப் பாடங்களின் நீண்ட பட்டியலாக மட்டும் வரும்போது, மாணவர் எளிதில் மதிப்பெண் கிடைக்கும் பாடத்தைத் தேர்ந்து அமைகின்றார். துறைகள் சேர்ந்து நடத்தும் ஒரே ஒரு பாடம், தனித்தனியே நடக்கும் ஐந்து விருப்பப் பாடங்களைவிடப் பயன் தரக்கூடும். மேலே கூறிய ஓய்வூதியப் பட்டியல் அத்தகைய பாடத்துக்குப் பொருத்தமான தலைப்பு: தேடல் முறை கணிப்பொறித் துறைக்கு, எழுத்து வரிசை மொழித் துறைக்கு, காசுக் கணக்கு வணிகவியலுக்கு, யார் விடுபட்டனர் என்ற ஆய்வு பொருளியலுக்கு.

கணிதத்தையும் கணிப்பொறி அறிவியலையும் பிரிக்காமல் ஒரே பட்டமாக நடத்துவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழகத்திலேயே உள்ளது. கணித மேதை சி. எஸ். சேஷாத்ரி உருவாக்கிய சென்னைக் கணிதவியல் கழகம், 1990-களின் பிற்பகுதியிலிருந்து இவ்விரண்டும் இணைந்த மூன்றாண்டு பி.எஸ்ஸி. சிறப்புப் பட்டத்தை நடத்திவருகிறது. பொறியியல் கல்லூரி அல்லாத அந்நிறுவனத்தில் பயின்றோர் உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி மேற்கொண்டுள்ளனர். கடுமையான நுழைவுத் தேர்வின் வழியே சிலரையே சேர்க்கும் அந்நிறுவனத்தின் முறையை எல்லாக் கல்லூரிகளும் பின்பற்ற இயலாது. ஆயினும் கோட்பாட்டை முதன்மையாகக் கொண்ட மூன்றாண்டுப் படிப்பு பொறியியலுக்கு இளைத்ததன்று என்பதற்கு அது சான்று.

மற்றொரு வாயிலும் திறந்துள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020இல் தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஒரே காலத்தில் இரு பட்டங்கள் பயில்வதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் இசைவு அளித்தது. எனவே தங்கவயலில் வரலாறோ பொருளியலோ பயிலும் மாணவர், கல்லூரியை மாற்றாமலே இதனையும் பயில வழியுண்டு. அதற்கு வேண்டியது ஒரு மடிக்கணினியும் தடையற்ற இணைய இணைப்பும். தமிழக அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவர்க்கு இரண்டாண்டுகளில் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ வழங்குவதாக அறிவித்தது இவ்வகையில் பொருத்தமானது. கருவி கிடைத்த பின் அதில் என்ன செய்வது என்பது ஆசிரியரைப் பொறுத்தது.

தானே எழுதும் நிரல்

2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, வேண்டியதைச் சாதாரண மொழியில் கூறினால் நிரலை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பரவியுள்ளன. பதிவேட்டில் படியெடுக்கப்படும் அந்த இருபது நிரல்களையும் இவை சில நொடிகளில் எழுதிவிடும். அவற்றை மனப்பாடம் செய்வதையே பயிற்சியாகக் கொண்ட படிப்பின் மதிப்பு இதனால் குறைந்துள்ளது என்பதில் ஐயமில்லை. தொடக்க நிலைப் பணிகளில் அமர்த்தப்படும் பட்டதாரிகளைப் பற்றிய நிறுவனங்களின் எதிர்பார்ப்பும் மாறிவருகிறது.

ஆனால் எழுதப்பட்ட நிரல் சரியானதா என்று அறியும் பொறுப்பு நீங்கவில்லை. 'கோமதி' இருவராக எண்ணப்படுகிறாரா, ஐந்தொகை ஒரு காசு குறைகிறதா, பட்டியலின் வரிசையும் தேடலின் வரிசையும் ஒன்றா என்று கேட்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். இக்கேள்விகள் நிரல்மொழியிலிருந்து பிறப்பவை அல்ல. இலக்கணத்திலிருந்தும் கணக்கியலிலிருந்தும் கணிதத்திலிருந்தும் பிறப்பவை. வேண்டியது யாது என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுத்தில் விளக்கும் திறனும் இப்போது நேரடித் தொழில்திறனாகிவிட்டது. கட்டுரைப் பயிற்சி என்ற பழைய பாடத்துக்கு இதனால் புதிய மதிப்பு ஏற்பட்டுள்ளது. அதனை மொழித் துறைகள் இன்னும் போதிய அளவு உணர்ந்ததாகத் தெரியவில்லை.

தேர்வு முறையிலும் சிறிது மாற்றம் வேண்டும். முழு நிரலையும் எழுதுமாறு கேட்பதற்கு மாறாக, பிழையுள்ள ஒரு நிரலைத் தந்து, எந்தத் தரவுக்கு அது தவறான விடை தரும் என்று கண்டு எழுதுமாறு கேட்கலாம். இதற்குப் புதிய ஆய்வகம் வேண்டுவதில்லை. வினாத்தாள் அமைப்போர்க்கும் விடைத்தாள் திருத்துவோர்க்கும் சில நாள் பயிற்சி போதும்.

இவை அனைத்தும் ஆசிரியரைச் சார்ந்தவை. கர்நாடகத்தின் அரசு முதல்நிலைக் கல்லூரிகளிலும் தமிழகத்தின் அரசு கலைக் கல்லூரிகளிலும் கற்பித்தற் பணியின் பெரும்பங்கைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமந்துவருகின்றனர். இரண்டு துறைகள் சேர்ந்து ஒரு பாடத்தை உருவாக்க வேண்டுமாயின், இரு ஆசிரியர்கள் ஓராண்டு சேர்ந்து திட்டமிட்டு, மறு ஆண்டில் நடத்தி, மூன்றாம் ஆண்டில் திருத்த வேண்டும். வரும் சூன் மாதத்தில் தம் பணி நீட்டிக்கப்படுமா என்று அறியாத ஆசிரியரிடம் இதனை எதிர்பார்ப்பது கடினம். நிரந்தரப் பணியிடங்கள் நிரப்பப்படும்வரை, மூன்றாண்டுக்குக் குறையாத ஒப்பந்தக் காலமும், பாடம் உருவாக்கும் பணிக்கு வாரத்தில் சில மணி நேரக் கழிவும் அளிப்பது உடனடியாகச் செய்யக்கூடியது. ஒரு ஆய்வகத்துக்குப் புதிய கணிப்பொறிகள் வாங்குவதைக் காட்டிலும் இதற்கு ஆகும் கூடுதல் செலவு அதிகமிராது.